மூலத்துக்கு ஒத்தது

பிரிட்டோரியாவில் மூன்றாம் மாடி,
காப்புரிமைப் பதிவேட்டுப் பிரிவு.
சென்ற மாதம் வரை தாள்களை அடுக்கி,
இடது மூலையில் துளையிட்டு,
சிவப்பு நாடா கோத்து,
நாடாவின் வால்மேல் வட்ட முத்திரையை
உடம்பின் பாதி எடையோடு அழுத்துவேன்.
தாள் புடைக்கும்.
டோக்கியோவில் யாரோ ஒருவர்
அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்து நம்பியிருப்பார்.

இப்போது பச்சைக் குறி.
கோப்பைத் திறந்தால் மேலே ஒரு பட்டை:
கையொப்பம் செல்லும்.
என் தோள்வலி போயிற்று, வருத்தமில்லை.
ஒரு நாளெல்லாம் நாற்பது நகல் போன இடத்தில்
நாலு நிமிடத்தில் நாற்பது,
மின்வெட்டு அட்டவணையில் எங்கள் வட்டாரம் வரும் வேளை தவிர.
கிடங்கில் பதினொரு நாடாச் சுருள் மிச்சம்.
திருப்பிக் கொடுக்கப் படிவம் இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி. டர்பன் எண்.
"மேடம், நீங்கள் அனுப்பியது கெட்டுப் போச்சு"
பாலைச் சொல்வதுபோல் சொன்னார்.
சாட்ஸ்வொர்த்தில் குழாய் வேலை.
போன மின்சாரம் திடீரென்று திரும்பும்போது
கீசர் வெடிக்காமல் காக்கும் வால்வு
அவர் கண்டுபிடித்தது.
பதினான்கு பக்கம், மூன்று படம்.
பச்சை இருந்த இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.
வங்கியில் கடன் அதிகாரி
திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம்.

"கோப்பில் எதையாவது தொட்டீர்களா?"
"இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"என் பெயரை மட்டும்."

பதிவேட்டைத் திறந்தேன்.
உரிமையாளர்: எலிமலை கிஸ்டன்.

ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
அந்த ஒரு சொல்லை அவர் தமிழில் சொன்னார்: ஏழுமலை.
கப்பல் பட்டியல் எழுதியவன்
காதில் விழுந்ததை எழுதினான்;
ஏழு மலையும் எலி மலையாயின.
அதைப் பார்த்துப் பிறப்புச் சான்று,
அதைப் பார்த்துப் பள்ளிச் சான்று,
அப்பன் பெயர், பேரன் பெயர், ஓட்டுநர் உரிமம்.
ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவர்
மூலத்துக்கு ஒத்தது என்று கையெழுத்திட்டிருக்கிறார்.
ஒருவரும் பொய் சொல்லவில்லை.

"ஐம்பத்தெட்டு வயதாகிறது.
ஒரு தாளிலாவது சரியாக இருக்கட்டுமே என்று
ரெண்டு எழுத்தை மாற்றினேன்.
பிழையைத் திருத்தினால் போலி என்கிறதே இது?"

என்கிறதுதான்.
அதற்கு ஏழும் தெரியாது, எலியும் தெரியாது.
அனுப்பியபோது இருந்தது இப்போதும் இருக்கிறதா,
அவ்வளவே கேள்வி.
ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் கதவைச் சாத்தும்.
நானும் இருபத்திரண்டு வருடமாக
முத்திரை குத்திச் சொன்னது இதைத்தான்:
அதுவும் இதுவும் ஒன்று.
எது சரி என்று எழுத
எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
பெயர்த் திருத்தப் படிவத்தின் எண்ணைச் சொன்னேன்.
உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், ஆறு வாரம்.
முதலில் அடையாள அட்டையில் மாற்ற வேண்டும்.
"உள்துறை வரிசையிலா!" என்றார்.
இருவரும் சிரித்தோம்.
பிறகு,
"வெள்ளிக்குள் கடன் வேண்டும் மேடம்.
எலியையே அனுப்புங்கள்."

அனுப்பினேன். கட்டணம் கேட்கவில்லை,
கேட்காமல் விட விதியும் இல்லை.
பச்சை விழுந்தது.
பட்டையை அழுத்தினால்
கையொப்பமிட்டவர் பெயர் வரும்: தவமணி படையாட்சி.
மணிக்கு ஆங்கிலத்தில் பணம் என்றே
எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார்கள்.
அதையும் நான் தொடுவதில்லை.

பக்கத்து மேசை ரெஃபில்வே எட்டிப் பார்த்தாள்.
"இந்த ஆள் பெயரை எப்படிச் சொல்வது?"
நாக்கு நுனியை மேலே வளைத்துக் காட்டினேன்.
இரண்டு முறை தவறிற்று.
மூன்றாவதில் அவளுக்கு வந்துவிட்டது,
சுத்தமான ழ.
அதற்குள் விளக்கு அணைந்துவிட்டிருந்தது.